கம்பளிய விலக்கிப் பாருங்க

நான் எந்திரிக்கலய்யா, படுத்தமேனிக்கே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. மானேஜர் வர நேரம் ஆகும். கமிட்டித் தொர கோச்சு வண்டியில வந்திருக்காராம், வாசலுக்கு ஓடியிருக்காரு. அவரு பக்கத்துல நிக்கறப்ப நீங்க கேட்டதுக்கு, நல்லாருக்கோம்னு சொன்னேன்ல, அது அவருக்குச் சொன்னது. இப்பக் கேளுங்க, உங்களுக்குச் சொல்றேன்.

பேரா? உங்க தாள்ல மருதாயின்னு இருக்கும், பாருங்க. பதினோராம் நம்பர் கட்டில். ரெண்டு காலும் விளங்கலன்னு போட்டிருக்கும். ஆமா, இந்த நாதியத்தவங்க விடுதிக்கு வந்து இருபத்திமூணு நாளாச்சு.

சாப்பாட்டுல குத்தம் சொல்ல மாட்டேன். காலையில கஞ்சி, மத்தியானம் சோறு, ஒரு கருவாட்டுக் கொழம்பு. அரிசியில புழு இல்ல. கூரையும் ஒழுகல. இல்லாததச் சொல்லி ஒருத்தர் மேல பழி போடற ஆளு நான் இல்ல. ஆனா பல்லில்லாத கெழவிங்க நாலு பேருக்கும் அதே வெறச்ச சோத்தத்தான் வச்சுட்டுப் போறாங்க. கொழைச்சுக் குடுக்க ஆளில்ல. தட்டு வந்த மாதிரியே திரும்பிப் போகுது. பன்னெண்டு தட்டு உள்ள போச்சுன்னு உங்க தாள்ல இருக்கும். வயித்துக்குள்ள எத்தன போச்சுன்னு எதுல இருக்கு?

இந்தக் கம்பளியத் தடவிப் பாத்தீங்களே, நல்லாருக்குன்னு தலையாட்டினீங்களே, இது நேத்து சாயங்காலம் வந்தது. சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு மூணு நாளுதான் ஆச்சு, வாடை இன்னும் போகல. நீங்க இந்த வெள்ளிக்கெழம வரப்போறீங்கன்னு மானேஜர் சுந்தரம் எட்டு நாளுக்கு முன்னாடியே இங்க வந்து சொல்லிட்டாரு. சொல்லிட்டு வர்றவங்களுக்குச் சொவத்தத்தான் காட்டுவாங்க. கோவப்படாதீங்க. கமிட்டி அனுப்புது, நீங்க வர்றீங்க, அது உங்க வேல. எங்க வேல படுத்துக் கெடக்கறது. படுத்துக் கெடக்கறவங்களுக்குத்தான் சில விஷயம் தெரியும்.

தண்ணிப் பானை எங்க இருக்கு பாருங்க. அந்தக் கடைசியில, சன்னலுக்குக் கீழ. பானை சுத்தமா இருக்குன்னு எழுதிக்கிட்டீங்க, நான் பாத்தேன். சுத்தந்தான். இந்த அறையில பன்னெண்டு பொம்பளைங்க, அதுல எட்டு பேரு நடக்க முடியாதவங்க, மத்த நாலு பேரு சொவத்தப் புடிச்சு நடந்தாலும் ஒரு செம்பத் தூக்கத் தெம்பில்லாதவங்க. கட்டில்லருந்து பானைக்கு எத்தன அடின்னு அளந்தீங்களா?

இதோ பக்கத்துக் கட்டில்ல இருக்காங்களே, இவங்க கதீஜாம்மா. நாகூர்ப் பக்கத்துக்காரங்க. இங்க கம்போங் கபூர் தெருவுல ஆப்பம் சுட்டு வித்து ஒண்டியாப் பொழச்சவங்க. ரெண்டு கண்ணும் போச்சு, அப்பறம் இடுப்புக்குக் கீழயும் போச்சு. கண்ணு இல்லாட்டியும் நேரம் சரியாச் சொல்வாங்க, பள்ளிவாசல் பாங்கு இங்க நல்லாக் கேக்கும். நான் வந்த ரெண்டாம் நாளு, மத்தியானப் பாங்கு முடிஞ்சதும் ஒரு மொடக்குத் தண்ணி குடுங்க தாயின்னு கேட்டாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. அப்பறம் கொஞ்சம் சத்தமாக் கேட்டாங்க. சாயங்காலப் பாங்கு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வரல. வந்து குடுத்தப்ப வாங்கிக் குடிச்சுட்டு, அல்லா உங்கள நல்லா வைக்கட்டும்னு சொன்னாங்க. அவங்களுக்குக் கோவமில்ல. எனக்குத்தான் ஒடம்பெல்லாம் எரிஞ்சுது.

ஆயாவா? ஆயா மேல ஒண்ணும் எழுதிடாதீங்க, கும்புட்டுக் கேக்கறேன். பாக்கியம் நல்ல பொண்ணு, வேலைக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது. இந்த அறைக்கும் அடுத்த அறைக்கும் அவ ஒருத்திதான். இருபத்தாறு பேரத் தூக்கணும், கழுவணும், துணி தொவைக்கணும், அதுக்கு மேல மானேஜர் வீட்டுப் பாத்திரமும் அவ தலையில. ஒரு நாள் கட்டில் காலப் புடிச்சிக்கிட்டு நின்னமேனிக்கே கண்ண மூடிட்டா பாவம். எழுதறதா இருந்தா இன்னும் ரெண்டு ஆளு வேணும்னு எழுதுங்க. அத அடிக்கோடு போட்டு எழுதுங்க.

டாக்டர் வர்றாரு, வரலன்னு நான் சொல்லல. செவ்வாய்க்கெழம தவறாம வர்றாரு. அந்தக் கதவுகிட்ட நின்னு எல்லாம் எப்படின்னு மருந்து கட்டற டிரஸர்கிட்ட கேப்பாரு. டிரஸர் எல்லாருக்கும் ஒரே கசப்புத் தண்ணிய ஊத்துவாரு. இருமறவளுக்கும் அதான், காலு விளங்காத எனக்கும் அதான்.

சரி, மானேஜர் வர்றதுக்குள்ள ஒண்ணு செய்யுங்க. அந்தக் கம்பளிய விலக்குங்க. என்னோடது இல்ல, கதீஜாம்மாவோடது.

பொம்பளைய எப்படிப் பாக்கறதுன்னு யோசிக்கறீங்க. மரியாதப்பட்ட ஆளு, புரியுது. அவங்ககிட்ட நேத்தே கேட்டுட்டேன். டாக்டர் பாக்கற மாதிரி நெனச்சுக்கறேன், பாக்கச் சொல்லுன்னாங்க. கதீஜாம்மா, ஐயா கிட்ட வர்றாரு. பாத்தீங்களா, சரின்னு தலையாட்டறாங்க. கட்டில் கம்பியப் புடிச்சு அவங்களே ஒரு சாண் ஒருக்களிப்பாங்க, அதுக்கு மேல முடியாது. அதுக்குள்ள பாத்துடுங்க.

மொகத்தத் திருப்பாதீங்கய்யா.

நாத்தம் இவ்வளவு நேரம் சுண்ணாம்பு வாடைக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. இப்பத் தெரியுதா? அது அழுக்கு இல்ல. படுக்கைப் புண்ணு. உள்ளங்கை அகலம், நடுவுல குழி. ஒடம்ப ஒரே மாதிரி போட்டு வச்சா வர்றது. பகல்ல நாலு தடவ இப்படியும் அப்படியும் திருப்பிப் போட்டா வராது. அதுக்கு மருந்து வேணாம், தொர வேணாம், புதுக் கம்பளி வேணாம். ரெண்டு கை வேணும். போதும் கதீஜாம்மா, கைய விடுங்க. ஐயா பாத்துட்டாரு.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு கேக்கறீங்க. ஏற்கனவே ஒரு முதுகு பாத்திருக்கேன்.

என் தங்கச்சி, அன்னம்மா. அவ புருஷன் தஞ்சோங் பகார் தொறமொகத்துல மூட்ட தூக்கினவன், செத்துட்டான். அடுத்த வருஷமே அவளுக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கிச்சு. நான் கெர்பாவ் ரோட்டு மாட்டுக் கொட்டாயில பால் கறக்கறவ. விடியறதுக்கு முன்னாடி போனா உச்சிக்குத்தான் வருவேன், மறுபடி சாயங்காலக் கறவை. அவள ஒண்டியாப் போட்டுட்டுப் போக மனசு வரல. கட்டில் இருக்கு, டாக்டர் வர்றாருன்னு சொன்னாங்க. ரிக்‌ஷாவுல மடியில சாச்சு வச்சு நான்தான் கொண்டாந்து விட்டேன். யாரும் என்னக் கட்டாயப்படுத்தல. நான்தான்.

ஞாயித்துக்கெழம பாக்க வந்தா கழுத்து வரைக்கும் போத்தி வச்சிருப்பாங்க. எப்படி இருக்கேன்னு கேட்டா நல்லாருக்கேன்க்கான்னுதான் சொல்வா. அவ சொன்னா நான் நம்பினேன். சித்திரையில செத்துட்டா. காய்ச்சல்னாங்க. குளிப்பாட்டறப்பதான் முதுகப் பாத்தேன்.

வந்து மானேஜர்கிட்ட கேட்டேன். உள்ள போயி ஒரு புஸ்தகத்த எடுத்தாந்து விரிச்சாரு. இங்க பாரு, பாக்க வந்த பெரியவரு எழுதியிருக்காரு, படுக்கை சுத்தம், கவனிப்பு திருப்தி, குறை ஒண்ணுமில்லன்னு. இவரு சொல்றத நம்பறதா, பால்காரி நீ சொல்றத நம்பறதான்னு கேட்டாரு. கீழ யாரு கையெழுத்துன்னு கேட்டேன். தியாகராசான்னு படிச்சாரு.

ஆமா. நீங்கதான்.

பங்குனிக் கடைசியில வந்திருக்கீங்க. இதே பதினோராம் நம்பர் கட்டில்லதான் அவ கெடந்தா. நீங்க வந்துட்டுப் போன ஒம்போதாம் நாளு போயிட்டா. அன்னிக்கும் கம்பளியத் தடவிப் பாத்திருப்பீங்க.

உக்காருங்கய்யா, எங்க எந்திரிக்கறீங்க. உங்கள அழவைக்கறதுக்குச் சொல்லல. நீங்க அழுது எங்களுக்கு என்ன ஆகப்போகுது. பென்சில எடுங்க.

மருதாயிங்கறத அடிச்சுடுங்க. செல்லக்கண்ணுன்னு எழுதுங்க. கெர்பாவ் ரோட்டு மாட்டுக் கொட்டாய்னு போடுங்க, யாரக் கேட்டாலும் காட்டுவாங்க. காலு விளங்கலங்கறதயும் அடிச்சுடுங்க. ஆமா, நல்லாத்தான் இருக்கு. தெனம் செராங்கூன் ரோடு முழுக்கப் பால் சொமந்த காலு. தலைய மொட்ட அடிச்சுக்கிட்டேன். கொட்டாய் முத்துசாமி தூக்கியாந்து வாசல்ல போட்டு, மாடு முட்டி இடுப்பு போச்சுங்கன்னான். டாக்டர் முட்டியில ஒரு தட்டு தட்டினாரு, நான் அசையல. மானேஜருக்கு என்னய அடையாளம் தெரியல. நம்ம மாதிரி ஆளுங்க மொகத்த அவரு ரெண்டாவது தடவ பாக்கறதில்ல. பால்காரி வெளிய நின்னு சொன்னாத்தான நம்ப மாட்டீங்க, உள்ள படுத்துப் பாத்துட்டே சொல்றேன்னு வந்தேன். இந்தக் கட்டிலயும் கேட்டுத்தான் வாங்கினேன். நாளைக்கு எந்தத் தொர முன்னாடி வந்து சொல்லணும்னாலும் சொல்வேன், கோர்ட்டுலயும் சொல்வேன்.

மத்தவங்க காதுல விழட்டுமே. இந்த அறையில எல்லாருக்கும் தெரியும். கதீஜாம்மா தண்ணி கேட்டுக் கெடந்த அந்த ஒரு நாளுதான் பல்லக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். மறுநாள்லருந்து முடியல. ஆளில்லாத நேரம் பாத்து எந்திரிச்சு எல்லாருக்கும் தண்ணி குடுத்தேன், கதீஜாம்மாவத் திருப்பிப் போட்டேன். கால் சத்தம் கேட்டதுமே, நீ நடக்கற பொண்ணான்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். இவங்க பதினோரு பேருல ஒருத்தர் வெளிய மூச்சு விடல. ரெண்டு வாரத்துல அந்தப் புண்ணு ரெண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கி, ஓரமெல்லாம் செவந்து ஆறிக்கிட்டு வந்துச்சு.

அப்பறம் ஏன் இப்படி இருக்குன்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும்.

நீங்க வரப்போறீங்கன்னு மானேஜர் சொல்லிட்டுப் போனாருல்ல, அன்னிக்கு அவரு வெளிய போனதும் நான் இவங்களத் திருப்பப் போனேன். என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. வேணாம் செல்லக்கண்ணு, ஆறிப்போச்சுன்னா அந்த ஐயா வந்து எதப் பாப்பாருன்னாங்க. நான் சண்ட போட்டேன், அழுதேன். ஒன் தங்கச்சி முதுக யாரும் பாக்கல, என்னோடதயாவது பாக்கட்டும்னாங்க. எட்டு நாளு. தொட விடலய்யா. வலி தாங்காம கம்பியப் புடிச்சிக்கிட்டு முனகறாங்க, நான் ரெண்டு நல்ல கால வச்சிக்கிட்டு இங்க, கையெட்டற தூரத்துல படுத்திருந்தேன்.

எழுதிட்டீங்களா? எல்லாத்தயுமா? கீழ கையெழுத்துப் போடுங்க.

மானேஜர் சத்தம் கேக்குது. கேக்கட்டும், வரட்டும். அந்த ஸ்டூலக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கய்யா, நான் காலக் கீழ வைக்கணும். கதீஜாம்மா, பாத்தாச்சு, எழுதியாச்சு. கம்பிய விடுங்க, திருப்பிப் போடறேன்.