பூச்சி மட்டும்

— பூச்சியா? சிஸ்டர், அது இங்க வர்றதுக்கு நான் ஊட்ல சொல்லிவெச்ச பொய்யாச்சே!

— நெசமாலுமே இருக்குதுங்க பாஸ்கர். மூணு நாள் மலம் குடுத்தீங்கள்ல, மூணாவதுலதான் கண்ணுல பட்டுச்சு.

— அந்த டப்பாவ மடியில வெச்சிக்கினு கும்முடிப்பூண்டிலேர்ந்து பஸ்ல வந்தேன் பாரு, பக்கத்துல குந்தினு இருந்தவன் நாஷ்டாவான்னு கேக்கறான்.

— சிரிக்காதீங்க. இது கால் வழியா ஏறுற பூச்சி. மத்தவங்களுக்கு வயித்தக் கலக்கறதோட போயிரும். எச்.ஐ.வி. இருக்கறவங்க உடம்புல பரவுச்சுன்னா ஆளையே சாய்ச்சிரும். அதனாலதான் இங்க எச்.ஐ.வி. மருந்து வாங்க வர்றவங்களுக்கு மட்டும் தேடிப் பாக்கறோம். மாத்திரைல சரியாயிரும், சரிங்களா? வெறுங்கால்ல நடப்பீங்களா?

— இரும்புக் கம்பெனில பூட்ஸு குட்த்துகீறான். ஊட்டுப் பின்னால முள்ளுக்காட்டுக்கு ஒதுங்க எவன் சிஸ்டர் செருப்பு போட்டுக்கினு போறான்?

— உங்க சம்சாரமும் அங்கதான போவாங்க? அவங்களுக்கும் பாக்கணும். டாக்டர்கிட்ட நான் கேட்டுக்கறேன், கூட்டிட்டு வாங்க.

— வந்துகீறா. வெளிய மரத்தாண்ட குந்த வெச்சிட்டு வந்தேன். பேஜாரு, இன்னிக்குன்னு பாத்து நானும் வரேன்னு பஸ் ஏறிட்டா.

— உங்க நோயப்பத்தி இன்னும் அவங்ககிட்ட சொல்லலீங்களா?

— இன்னான்னு சொல்றது? ஒரு வருசமா நைட் ஷிப்டுன்னு சொல்லிக்கினு கம்பெனிலயே படுத்துக் கெடக்கறேன். ஊட்டுக்குப் போனாலும் வாசல்ல தனிப் பாய். ரோஜா ஏன்னு ஒரு வார்த்த கேக்கல சிஸ்டர். கேட்டிருந்தா அழுதுனாச்சும் சொல்லியிருப்பேன். ஒரே சட்டி சோறுதான், அவ துன்னு முடிச்சப்புறம் நான் துன்றேன். பாழாப்போன மனசு, தாங்கல.

— நான் இங்க வந்து ஒரு வாரந்தான் ஆச்சு. இருந்தாலும் சொல்றேன், மறைக்க மறைக்க உங்களுக்குத்தான் கஷ்டமுங்க.

— தெரிஞ்சா பூடுவா சிஸ்டர். அவள வுட்டா எனக்கு யாரு கீறா?

— சரி, இன்னிக்கு இந்தப் பூச்சிய மட்டும் சொல்றேன். யாருக்கும் வர்றதுதான், சரிங்களா? கூப்புடுங்க.

— சத்தியமா பூச்சி மட்டும்?

— சத்தியமாங்க.

— ரோஜா! இந்தா, உள்ள வா. ஒண்ணியும் இல்ல, பூச்சிதான். ஒனக்கும் டெஸ்ட் எடுக்கணுமாம்.

— வாங்கம்மா, உக்காருங்க. பயப்படாதீங்க, மூணு நாளைக்கு ஒவ்வொரு டப்பாவுல...

— வேணாம் சிஸ்டர், முன்ன இந்த ரூம்ல இருந்தாங்களே, அவங்க போன மாசமே எனக்கும் இந்தப் பூச்சியப் பாத்து மாத்திர குட்த்தாங்க. இவரு காதுக்குப் போவக்கூடாதுன்னு அவங்க கையப் புட்ச்சிக்கினு அழுதேன், இன்னிக்கு நானே சொல்லிடலாம்னுதான் கூட பஸ் ஏறுனேன்.