பத்தொன்பதாம் திரை

— இதழ் அப்படியே போகட்டும் எழில். என் கதைய மட்டும் எடுத்துடு. அது செல்போனுக்கு வேணாம்.

— நல்லா வெளையாடுறீங்க அல்லிக்கா. நாலு நாளா இந்த பிரவுசிங் சென்டர்ல கண்ணு எரிய உக்காந்து இதழை செல்லுக்கு ஏத்த மாதிரி வெட்டியிருக்கேன். ஆறு மாசமா நம்ம இணைய இதழ்ல கெடக்குற கதைதானே? அப்ப வேணான்னு சொல்லலையே?

— அது கம்ப்யூட்டர்ல இருந்திச்சி. காரைக்கால்மேட்டுல யாரு வீட்ல கம்ப்யூட்டர் இருக்கு?

— அதுக்குத்தானே இவ்வளவு பாடு! செல்லுல தெறந்தா பக்கத்துக்கு ரெண்டு பத்தி, எறும்பு எழுத்து. பெருசாக்குனா ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கம் தள்ளி, இந்தப் பக்கம் இழுத்து... மனுசன் படிப்பானா? எழுத்தா அனுப்புனா தமிழு கட்டம் கட்டமா வருது. அதான் எல்லாத்தையும் படமாக்கிட்டேன். ஸ்க்ரீனுக்கு எட்டு வரி. கட்டை விரலால அமுக்கிக்கிட்டே போகலாம். நெரவி பஸ்ல நின்னுக்கிட்டே படிக்கலாம், வலை பின்னிக்கிட்டே படிக்கலாம்.

— அதான் பயமா இருக்கு.

— என்ன பயம்? ‘தாழை’ங்கிற புனைபேருல எழுதுறது யாருன்னு என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

— பேரு கெடக்கட்டும். பத்தொன்பதாவது ஸ்க்ரீனக் காட்டு.

— எண்ணியே வச்சிருக்கீங்களா? இந்தாங்க. “அவன் வராத இரண்டாம் நாள், கதவைச் சாத்திக்கொண்டு, சோறு வடித்து வயிறாரச் சாப்பிட்டேன்.”

— அதை மட்டும் ஏன் தனியா நிக்க வச்சே? நான் மழை, பூனை, கொடியில கெடந்த துணின்னு எல்லாத்துக்கும் நடுவுல போட்டிருந்தேன்.

— அந்த வரிதான் கதைன்னு தோணிச்சி. சுத்தி வெள்ளை விட்டாத்தான் கண்ணு நிக்கும்.

— நான் ஒளிச்சி வச்சதை எடுத்து நடுவீதியில வச்சிட்ட.

— ஒளிச்சி வச்சீங்களா? அக்கா, இது கதைதானே?

— மொதல்ல அந்த ஸ்க்ரீன மூடு.

— அக்கா. போன தையில உங்க வீட்டுக்காரரு அருள்ராஜ் அண்ணன் ஒரு போட்டுக்கு இஞ்சின் மாட்டி, வெள்ளோட்டம் பாக்கத் தனியா கடலுக்குப் போனாரே. ரெண்டு நாள் கரைக்கு வரல, பதினோரு போட்டு தேடப் போச்சி. அந்த ரெண்டு நாளா?

— போனவரு திரும்புற வரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க. அவங்க வீட்டு வழக்கம். எல்லாரும் கரையில உக்காந்திருந்தாங்க. மழை புடிச்சிதுன்னு துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். அமைதியா இருந்திச்சி எழில். எங்க போற, என்ன பண்றன்னு கேக்க யாருமில்ல. திடீர்னு பசிச்சிது. கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு அப்படிப் பசிச்சதே இல்ல.

— அண்ணன்... கை நீட்டுவாரா?

— சீ! தங்கமான மனுசன். கை நீட்டியிருந்தா எனக்குச் சொல்லிக்க ஒரு காரணமாவது இருந்திருக்கும். இப்ப புது செல்லு வேற வாங்கியிருக்காரு. அவரு கண்ணுல பட்டா நான் எந்த மொகத்தோட அந்த வீட்ல இருப்பேன்? எடுத்துடு, ஒன்னக் கெஞ்சிக் கேக்குறேன். ஏன் இப்படி முழிக்கிற?

— கோவப்படாதீங்கக்கா. வேற வேற செல்லுல எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்ல? திங்கக்கெழமை அண்ணன் ரீசார்ஜ் பண்ண வந்தாரு. பெரிய ஸ்க்ரீன். ப்ளூடூத்ல ஏத்தி விட்டு, படிச்சிப் பாத்துச் சொல்லுங்கண்ணேன்னு...

— எந்தக் கதைய?

— உங்க கதைதான். முப்பத்திரண்டு படமும்.

— அடிப்பாவி. இன்னிக்கி வியாழக்கெழமை.

— படிச்சிருக்க மாட்டாருக்கா. அவருக்கு ஏது நேரம்?

— மூணு நாளா எங்கூட உக்காந்து சாப்பிடுறாரு. நேத்து அவரே மீனை எடுத்து என் தட்டுல வச்சாரு. நல்லா சாப்பிடுன்னாரு. ஒருநாளும் அப்படிச் சொன்ன ஆளு இல்ல.

— அக்கா... வாசல்ல அண்ணன்.

— என்ன தங்கச்சி, ரெண்டு பேரும் பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க? அல்லி இங்கதான் இருக்கும்னு வந்தேன்.

— வாங்கண்ணே. அந்தப் படம்... தெரிஞ்சிதா?

— எழுத்து பளிச்சின்னு இருக்கு. வெயில்ல கொஞ்சம் மங்குது. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போடு தங்கச்சி. ஒரு எடத்துலயே நின்னுட்டேன், எத்தனாவதுன்னு மொதல்லேர்ந்து எண்ண வேண்டியதாப் போச்சி.

— ஏங்க, அது சும்மா கதைங்க. யாரோ எழுதினது.

— நம்ம பூனை, நம்ம கொடி. பத்தொன்பது.

— நான் சொல்றதக் கேளுங்க...

— நீ கேளு. கதை சரியாத்தான் இருக்கு. ஒரே ஒரு எடம் தப்பு, அதைத் திருத்தச் சொல்லு.

— எந்த எடம்?

— இஞ்சின் ஜாமாகி நடுக்கடல்ல நின்னுச்சின்னு எழுதியிருக்கே, அது. ஊருக்கும் நான் அதைத்தான் சொன்னேன். இஞ்சின் மெக்கானிக் நானே சொன்னா யாரு இல்லைங்கப் போறா?

— அப்ப?

— இஞ்சின் நல்லாத்தான் ஓடிச்சி அல்லி. எனக்கும் யாரும் எதுவும் கேக்காத எடத்துல கொஞ்சம் இருக்கணும்னு தோணிச்சி. நாந்தான் அணைச்சேன்.