நடு சீட்டில் யாரும் உட்காருவதில்லை

இரவு பதினொன்றரை. ஒல்கினிலிருந்து கிபாராவுக்குப் போகும் சாலை... ஒரு விளக்கு கிடையாது. கரும்புக் காட்டு வாடை, கொஞ்சம் தள்ளிப் போனால் கடல் உப்பு வாடை. நம் ராடமேஸ் இருக்கிறானே, அவனுடைய மச்சான் எலியேசருக்கு நடந்தது. கரண்ட் எப்படியும் விடிந்துதான் வரும். நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

எலியேசரின் டாக்ஸி ஐம்பத்திரண்டு மாடல். அதன் எஞ்சின் மூச்சை விட்டுவிட்டது. கிபாராவில் செனாய்தா என்ற விதவையிடம் ஒரு ஐம்பத்தேழு மாடல் எஞ்சின், கியர் பெட்டியோடு கிடைத்தது. அவள் புருஷனும் டாக்ஸிக்காரன்தான், வாயில் எப்போதும் சுருட்டு. ஒரு ராத்திரி இதே சாலை மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங்கிலேயே தூங்கிப்போய்ச் செத்தவன்.

ஐந்து வருட வித்தியாசம் சும்மாவா? எஞ்சின் தாங்கியை அறுத்து, பற்றவைத்து, ரேடியேட்டரை முன்னே தள்ளி... ஒன்பது நாள் ஆயிற்று. செத்தவன் வண்டியில் கியர் கம்பி தரையில், நடு சீட்டு ஆளின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்ததாம். எலியேசருக்கு அது ஸ்டியரிங்குக்குக் கீழே. அந்தத் தரைக் கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு, தன் ஸ்டியரிங் கம்பியோடு இணைத்துக்கொண்டான்.

வண்டி மறுபடி ஓடத் தொடங்கிய நாலாம் நாள் முன்பக்கம் நடுவில் இருந்த பெண் அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள்.

"கையை எடுடா நாயே."

அவன் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

மறுநாள் இன்னொருத்தி. அடுத்த வாரம் ஒரு டீச்சர். ஒவ்வொரு தடவையும் கியர் மாற்றுகிற நேரம். "முழங்காலைப் பிடிக்கிறான்யா இந்த ஆளு... அதுவும் மூணே விரலால, ஜில்லுனு," என்றாள் டீச்சர். எஞ்சின் விசிறி தன் புருஷனின் வலது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோனதை எஞ்சினைக் கொடுக்கும்போதே செனாய்தா சொல்லியிருந்தாள்.

இதை யாரிடம் சொல்வது? வண்டி நிறுத்தக் கை காட்டி நிற்கும் பெண்கள் அவன் வண்டியைக் கண்டாலே கையை இறக்கினார்கள். பேச்சு வீடுவரை வந்தது. அது செத்தவன் கை என்று அவன் சொல்லியும் மனைவி மிக்தாலியா பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"பேயாம் பிசாசாம். பொம்பளையத் தொட்டுட்டுக் கதை விடுறியா? இன்னிக்குக் கடைசி ட்ரிப்புல நான் நடுவுல உக்காருறேன். உன் கைதான்னு தெரிஞ்சா, காலைல எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்."

அவனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. விடிகாலை ஐந்து முதல் ஓட்டுகிறான், மாதக்கணக்கில் சரியான தூக்கம் கிடையாது. போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. அப்புறம் அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தான். பயமாக இருந்தது.

கடைசிப் பயணி இறங்கிய பிறகும் அவள் நடுவிலேயே இருந்தாள். அந்த மேடு வந்தது. எஞ்சின் முக்கியது... டக், டக், டக். திடீரென்று சுருட்டு வாடை. அவ்வளவுதான் அவனுக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது எஞ்சின் அணைந்திருந்தது. எதிரே அவன் வீட்டுக் கதவு. தலை மிக்தாலியாவின் தோளில் கிடந்தது.

"நீ ஓட்டினியா?" என்றான்.

"எனக்கு எங்கய்யா ஓட்டத் தெரியும்?"

உள்ளே போய் விளக்கை ஏற்றினார்கள். அவள் கட்டிய பெட்டியை அவிழ்த்துத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"உன் கை இல்ல. நம்புறேன். ஸ்டியரிங் தானாத் திரும்புச்சு. வளைவுக்கு வளைவு என் முழங்காலப் பிடிச்சுது, விட்டுது. கத்த வாயெடுத்தேன்... மெதுவா ஒரு அழுத்து அழுத்துச்சு. சும்மா இருன்னு சொல்ற மாதிரி."

எலியேசருக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் கழித்து ஒருத்தியாவது நம்பினாளே. "நான் தூங்கியிருக்கக் கூடாது," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீயா எங்க தூங்கின? மேட்டுல ஏறுறப்ப முழிச்சுத்தான் இருந்த. அந்தக் கை என் முழங்கால விட்டு மேல வந்து... உன் கண்ணை மூடிச்சு."

அவன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்குப் போனான். ஒரு இமையில் இரண்டு விரல் தடம், மறு இமையில் ஒன்று... கறுப்பாக, கிரீஸ்.

மணி ஒன்றரை. ஐந்து மணிக்கு அவன் மறுபடி வண்டி எடுக்க வேண்டும்.