குரங்குக் கறியும் மஞ்ச வளையமும்

...இந்த வளையத்த ரப்பருன்னு சொல்றவன் வாய இதாலயே அடைக்கணும் தம்பி! ரப்பராம்! மரத்தக் கீறினா பால் வடியணும், அது ரப்பர். இது என்ன? கிட்வே டவுன்ல ஒரு பொம்பள ரெண்டு டப்பாவுல இருக்கிறத ஒண்ணாக் கலந்து, அச்சுல ஊத்தி, அடுப்புல வெச்சு எடுக்கிற பணியாரம். கலரு வேற மஞ்ச. பேரு பாலியூரித்தேனாம். அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு பல்லு விழுந்துடும். இருக்கிறதே பதினாறு.

எங்க தள்ளித் தள்ளிப் போறீங்க? பெஞ்சுல இடம் இருக்கு, நல்லா உக்காருங்க. உங்கள இப்பக் கூப்பிட மாட்டாங்க. பேரிங் விக்க வந்தவருதானே? கழுத்துல டை தொங்குதே, அதான். மொதல்ல எங்க விசாரணை முடியணும். உள்ள மேனேஜரு, யூனியன்காரரு, லுசாக்கா பெரிய ஆபீசுலேர்ந்து வந்த ரெண்டு கண்ணாடிக்காரங்க, எல்லாரும் டீ குடிச்சிட்டு இருக்காங்க. ஒரு மணி நேரமா ஒரே டீ!

என்ன விசாரணையா? நாலாம் நம்பர் பம்ப்பு. கேள்விப்பட்டிருப்பீங்களே... படலியா? ரெண்டு நாள் மில்லே நின்னுச்சு தம்பி! தாமிரக் கல்ல மாவா அரைச்சுத் தண்ணியில கரைக்கிறோமில்ல, அந்தச் சேத்த அடுத்த தொட்டிக்குத் தள்றது என் பம்ப்புதான். சேறுன்னா நம்ம வீட்டு வாசல் சேறு இல்ல. அரம்! இரும்பையே நாலு மாசத்துல நக்கி நக்கித் தகரமாக்கிடும். அதனால பம்ப்போட கழுத்துல தடிமனா ஒரு வளையம் போடுவோம். சேறு வெளிய வராமப் பாத்துக்கிறதும் அதுதான், இரும்புக்குப் பதிலா தேயறதும் அதுதான். இருவத்தாறு வருஷமா கறுப்பு ரப்பர் வளையம் போட்டோம். யாருக்கும் ஒரு குறையும் இல்ல. மாசத்துக்கு ஒண்ணு தேயும், நான் மாத்துவேன். எல்லாரும் என்னையத் தேடுவாங்க. "சிஷாலா எங்க, சிஷாலாவக் கூப்பிடு"ன்னு இந்த மில்லு முழுக்க என் பேருதான் கேக்கும்.

அப்புறம் வந்தா அந்த சிட்டாலு அம்மா, கையில மஞ்ச வளையத்த வெச்சுக்கிட்டு. அவதான் கிட்வேல பட்டறை போட்டிருக்கிறவ. எங்க முன்னாடி அதத் தரையில போட்டா. குதிச்சு மேனேஜர் முட்டியில இடிச்சுது. எல்லாரும் கை தட்டினாங்க! அவரு முட்டியத் தடவிக்கிட்டே கை தட்டுறாரு. கத்தியால அறுத்துக் காட்டினா, அறுபடல. "மணலு மேல பட்டா இது உள்வாங்கித் திருப்பித் தள்ளிடும், இரும்ப விட மூணு மடங்கு ஒழைக்கும்"னா. அப்ப நான் கேட்டேன், "அம்மா, இதுல செருப்புத் தச்சுப் போட்டா நானும் மூணு மடங்கு ஒழைப்பேனா?"ன்னு. ஒருத்தன் சிரிக்கல. ஜேரே மட்டும்தான் சிரிச்சான். அவன் சிரிப்பு யாருக்கு வேணும்?

ஜேரே யாரா? அவன்தான் இன்னிக்கு மாட்டிக்கிட்டவன். ஸ்டோர்காரன். வளையத்த எடுத்துக் குடுத்தது அவன். போட்டது நான். போட்ட ஒம்பதாம் நாள் பிஞ்சு, சேறு பீய்ச்சியடிச்சு, மோட்டாரு வரைக்கும் முழுகிப் போச்சு. குடுக்கிறதுக்கு முன்னாடியே அவன் அத ஸ்டோருக்குப் பின்னால வெயில்ல போட்டு வெச்சிருந்தான், கெட்டுப் போனதத்தான் எடுத்துக் குடுத்தான்னு புகார் காயிதம் போயிருக்கு. அது நிஜம்னு உள்ள முடிவாச்சுன்னா இன்னிக்கே கேட்டுக்கு வெளிய. ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு அவனுக்கு.

காயிதம் யாரு எழுதினாங்களா? எழுதினது கிளார்க்கு. சொன்னது நான். நாலாங் கிளாஸோட பள்ளிக்கூடத்த விட்டவன், நானா இங்கிலீஷு எழுதுவேன்? கையெழுத்து மட்டும் என்னுது. அது நல்லா இருக்கும்.

இப்படிப் பாக்காதீங்க தம்பி. அந்த ஆளு எனக்கு என்ன பண்ணினான்னு தெரிஞ்சா நீங்களும் கையெழுத்துப் போடுவீங்க. அவன் ங்கோனி இனம், நான் பெம்பா இனம். நீங்க தோங்கான்னீங்க. உங்களுக்கு லோசிக்காரன் எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு ங்கோனி. அந்தக் காலத்துல எங்க பாட்டன்மாரு ஈட்டியால குத்திக்கிட்டாங்க, அதனால நாங்க வாயால குத்திக்கிறோம். கேலி முறை. கோவிச்சுக்கக் கூடாது, புகார் சொல்லக் கூடாது. காலையில வேலைக்கு வந்ததும், "என்னடா குரங்குதின்னி, இன்னிக்கு வால் மட்டும்தான் கெடச்சுதா?"ம்பான் அவன். "போடா எலிதின்னி, பல்லுல மீசை ஒட்டியிருக்கு பாரு"ம்பேன் நான். முப்பது வருஷமா இதுதான் எங்களுக்கு வணக்கம்.

சரி, எங்க அப்பாரு செத்தாரு. பதினோரு வருஷம் ஆச்சு. ஒப்பாரி நடந்துக்கிட்டு இருக்கு. வந்தான் ஜேரே. அப்பாரோட தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டான். அவரு மாதிரியே ஒரு கால இழுத்து இழுத்து நடந்து, "எங்கடி என் நுஷிமாக் களி? கொழம்பு ஏன் தண்ணியா இருக்கு?"ன்னு எங்க அம்மாகிட்ட போய் அதட்டுறான்! அப்பாரு குரலு! அழுதுக்கிட்டிருந்த கூட்டம் அப்படியே உருண்டு உருண்டு சிரிக்குது. எங்க அம்மா சிரிச்சிட்டா. மூணு நாளா பச்சத் தண்ணி பல்லுல படாதவ, சிரிச்சு முடிச்சிட்டுக் கஞ்சி குடிச்சா. அது முறைதான். துக்க வீட்டுல சிரிக்க வைக்கிறது அவங்க பொறுப்பு. எல்லாம் தெரியும். நானும் சிரிச்சேன். ஆனா உள்ள ஒரு ஆணி எறங்குச்சு. என் அப்பன் நடைய இவன் எப்ப இவ்வளவு கவனிச்சான்? பெத்த பையன் எனக்கு அப்படி நடந்து காட்ட வராதே!

என்ன கேட்டீங்க? வளையத்த எப்படி மாட்டுவேன்னா? ஹ! கேளுங்க. இந்த மில்லுல இதக் கேக்காதவன் இல்ல. வளையம் தடிமன், பம்ப்புக் கழுத்து இறுக்கம். மத்தவன்லாம் சுத்தியலால அடிப்பான், கம்பிய விட்டு நெம்புவான், கெட்ட வார்த்தை பேசுவான். நான் என்ன பண்ணுவேன்? பாதியா வெட்டின பீப்பா, அடியில நாலு கட்டை நெருப்பு, நெறையத் தண்ணி. வளையத்தப் போட்டுக் கொதிக்க விட்டா அது அப்படியே தளந்துடும். சோப்பத் தடவி, கையில வளையல் ஏத்துற மாதிரி ஏத்திடுவேன். "சிஷாலா வெந்நீரு"ன்னே பேரு அதுக்கு! யாரு சொல்லிக் குடுத்தா? ஒருத்தனும் இல்ல. இந்த மண்டை.

ஆமா, மஞ்சளையும்தான். ஏன், மஞ்சளு மட்டும் என்ன மகாராணியா?

சொல்றேன் கேளுங்க. அந்தச் சனியன் ஒரு மணி நேரம் கொதிச்சும் தளரல. மொறைச்சுக்கிட்டு நிக்குது. நானா, அதா? சனிக்கிழமை மத்தியானம் வளையத்தப் போட்டு, பெரிய கட்டையா ரெண்டு செருகிட்டு, வாட்ச்மேன்கிட்ட தண்ணி வத்தினா ஊத்துடான்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். திங்கக்கிழமை காலையில வந்து பாத்தா, அடடா! வெண்ணெய் மாதிரி! ரெண்டு விரலாலேயே மாட்டினேன். பாத்தியா, மகாராணியும் வெந்நீருக்கு மடங்குதுன்னு நெனச்சேன்.

நீங்க ஏன் தலையில கைய வெக்கிறீங்க? தலை வலியா?

மூணாம் நம்பர் பம்ப்பா? அதுலயும் மஞ்சதான். அடுத்த ஷிப்ட்டுக்காரன் அடிச்சு நெம்பி ஒரு நாள் பூரா கஷ்டப்பட்டு மாட்டினான். அஞ்சு மாசமா ஓடுதுதான்... ஓடுது. அதுக்கு வர்ற சேறு கொஞ்சம் சாது. அதான்! ஒரே தொட்டியிலேர்ந்துதான் வருது, ஆனா அந்தப் பக்கக் கொழாயில... சரி, விடுங்க.

சிட்டாலு அம்மா நேத்து வந்தா. பிஞ்ச துண்டக் கையில எடுத்தா. நகத்தால அழுத்தினா. வெந்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி உதிருது. மோந்து பாத்தா. என்னையே பாத்து, "அண்ணே, இது வெந்நீர்ல கெடந்துச்சா?"ன்னா. இது தேய்மானத்துக்கு மட்டும்தான் ராட்சசனாம், கொதிக்கிற தண்ணி பட்டா உள்ள இருக்கிற கட்டு ஒண்ணொண்ணா அவுந்துடுமாம். பாருங்க, கத்திக்குப் பயப்படாது, கல்லுக்குப் பயப்படாது, வெந்நீருக்குப் பயப்படும்! எங்க பெரிய தாத்தா மாதிரி, அவரும் குளிக்கவே மாட்டாரு. அதெல்லாம் ஒவ்வொரு பெட்டியிலயும் காயிதத்துல எழுதி வெச்சிருந்தாளாம்.

காயிதம் இருந்துச்சு. ஒத்துக்கிறேன். இங்கிலீஷுல இருந்துச்சு. அதத்தான் சுருட்டிப் பீப்பாவுக்கு அடியில பத்த வெச்சேன். நல்லாப் புடிச்சுக்கிச்சு.

அவகிட்ட என்ன சொன்னேனா? "வெந்நீரா? எந்த வெந்நீரு?"ன்னேன். வேற என்ன சொல்றது? இருவத்தாறு வருஷம் வேக வெச்ச மனுஷன் தம்பி. என் வெந்நீருதான் மில்ல நிறுத்துச்சுன்னு சொன்னா அப்புறம் நான் யாரு? பீப்பாவக் கழுவிக் கவுத்து வெச்சிட்டேன். வாட்ச்மேன் லீவுல ஊருக்குப் போயிட்டான். பாத்த ஆளு ஒரே ஆளுதான்.

ஜேரேதான்.

அந்தச் சனிக்கிழமை அவன்தானே வளையத்த எடுத்துக் குடுத்தான். பீப்பாவப் பாத்தான். "டேய் குரங்குதின்னி, இது குரங்குக் கறி இல்லடா, எலும்பு கழண்டு வர்ற வரைக்கும் வேக வைக்க. எடுத்துடு"ன்னான். நான் என்ன நெனப்பேன்? முப்பது வருஷமா வாயத் தொறந்தா குரங்குன்னு சொல்றவன், அன்னிக்கும் சொல்றான். "உனக்கும் ஒரு எலியப் போடவா, சூப்பு வெச்சுத் தரேன்"ன்னேன். நல்ல பதிலுதானே? நானே சிரிச்சேன். அவன் திரும்பியும் சொன்னான், "எடுத்துடுடா"ன்னு. நான் ஒரு குச்சிய எடுத்து வளையத்தப் பெரட்டி விட்டு, "வால் வேகல இன்னும்"ன்னேன்.

அவன் அதச் சொல்லிடுவான்னு நெனக்கிறீங்களா? சொல்ல மாட்டான். மொத விசாரணையிலயே மூச்சு விடலியே! கேலியில பேசினத எடுத்துட்டுப் போயி அதிகாரி முன்னாடி வெக்கக் கூடாது, அது முறை. அவன் முறைக்காரன். நான் வெயில்ல வெச்சிருந்தான்னு சொன்னப்போ, ஒரு தடவை என்னையப் பாத்தான். அப்புறம் தரையப் பாத்தான். "நான் வெயில்ல வெக்கல"ன்னு மட்டும் சொன்னான். பீப்பாவப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. முட்டாப் பய!

ஆனா ஒண்ணு... அத நெனச்சாத்தான் நேத்துலேர்ந்து சோறு எறங்கல. எத்தனை வருஷம் கேலி பேசியிருப்போம்! சொன்னதும் அவன் மொதல்ல சிரிப்பான். தொந்தி குலுங்கும். நான் பதில் சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சு முடிச்சிருப்பான். அன்னிக்கு... அன்னிக்கு அவன் சிரிக்கல தம்பி. நான் மட்டும்தான் சிரிச்சேன்.

சரி, அதுக்கென்ன இப்ப? சிரிக்காமக் கேலி பண்ணினா அது அவன் தப்பு! சொல்றத ஒழுங்காச் சொல்லணும். "சிஷாலா, இந்த மாதிரி, இந்த மாதிரி"ன்னு கிளார்க்கு மாதிரி சொல்லியிருந்தா நான்... கேட்டிருக்க மாட்டேன்தான். இருந்தாலும் சொல்லியிருக்கணும்.

இருங்க, வர்றான். அதோ, வெள்ளைச் சட்டை. சர்ச்சுக்குப் போட்டுக்கிட்டுப் போற சட்டை அது. நீங்க பாருங்க இப்ப, வேடிக்கையா இருக்கும். எலிதின்னி! ஏய் எலிதின்னி! என்னடா சட்டை பளபளங்குது, வளையிலேர்ந்து நேரா இங்க வர்றியா?

...

கேட்டீங்களா? என்ன சொன்னான்? என் காது சரியில்லயோ... நீங்க சொல்லுங்க, என்ன சொன்னான்?

"வணக்கம் ஐயா"ன்னானா?

என்னையவா? ஐயாவா? தொப்பியக் கழட்டி வேற கும்பிட்டுட்டுப் போறான்! முப்பது வருஷத்துல மொத தடவை. டேய்... டேய் ஜேரே! திரும்புடா! குரங்குன்னு சொல்லுடா! ஒரு தடவை சொல்லிட்டுப் போடா, வால்னாச்சும் சொல்லு!

அந்தக் கோடி பெஞ்சுல போயி உக்காந்துட்டான் பாருங்க. யாரோ அதிகாரியப் பாத்த மாதிரி.

இப்படி ஒருத்தன கேலி முறைக்குள்ளேர்ந்து வெளிய தள்ளுவாங்களா? எனக்குச் சாவு வந்தா எவன்டா என் தொப்பியப் போட்டுக்கிட்டு நடப்பான்? என் பொண்டாட்டிய எவன் சிரிக்க வெப்பான்? அந்த லுசாக்கா கண்ணாடியா? நீங்களா? உங்களுக்குச் சிரிக்கவே தெரியல, டை கட்டிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கீங்க.

தள்ளுங்க தம்பி. கால மடக்குங்க. உள்ள போறேன். கூப்பிடலன்னா என்ன? டீய வெச்சிட்டுக் கேக்கட்டும். இந்தப் பைய மட்டும் பாத்துக்குங்க, உள்ள வறுத்த வேர்க்கடலை இருக்கு, தின்னுடாதீங்க. அவனுக்காகப் போறேன்னு நெனச்சுக்காதீங்க, அந்த ஆளு மூஞ்சியே எனக்குப் புடிக்காது. நாளைக்குக் காலையில அவன் மறுபடியும் என்னைய ஐயாங்கிறதக் கேட்டுக்கிட்டு இந்தக் கேட்டுக்குள்ள நுழைய என்னால ஆகாது. அதுக்கு நானே வெளிய போயிடலாம்.

உள்ள யாருங்க? கதவத் தொறங்க! ...யாரா? வளையத்த வேக வெச்ச குரங்குதின்னி வந்திருக்கேன்னு சொல்லுங்க.