எங்க பாத்ரூம் ரோஸ் கறை போகாததுக்குக் காரணம்

பாத்ரூம் டைல்ஸ் இடுக்குல ரோஸ் கலர்ல வழுவழுன்னு பிடிக்கும் பாருங்க, அதை நிறையப் பேரு உப்புக்கறைன்னு நினைக்காங்க. அது பாக்டீரியா. உயிருள்ளது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால என் வீட்டுக்காரி ஆனந்தவள்ளி இந்த குரூப்ல ஒரு போட்டோ போட்டு, எவ்வளவு தேய்ச்சாலும் திரும்பத் திரும்ப வருதே, என்ன செய்யன்னு கேட்டிருந்தா. நீங்க எல்லாரும் நல்ல மனசோட பதில் சொன்னிய. அதுல ஒண்ணுகூட தப்பு கிடையாது. மொதல்ல அதைச் சொல்லிருதேன்.

எங்க வீடு குற்றாலத்துக்குப் பக்கத்துல, மேலகரத்துல. இங்கன வீடு இருந்தா, சாரல் விழுந்ததும் சொந்தக்காரங்களுக்கு நம்ம ஞாபகம் வந்திரும். வள்ளியோட அண்ணன் குற்றாலிங்கம் சென்னையில இருக்காரு. ஜூன் மாசம் போன் வரும். "மாப்ள, அருவியில தண்ணி விழுதா?" விழலன்னு சொன்னா, "சரி, விழுற வரைக்கும் அங்கன வந்து இருக்கோம்"னு சொல்லுவாரு.

குடும்பத்தோட வருவாங்க. அருவியில சோப்பு, ஷாம்பு போட விடமாட்டாங்கல்லா. அதனால அங்கன போய் நல்லா நனைஞ்சுட்டு, எங்க வீட்டுல வந்து குளிப்பாங்க. வள்ளி விடிஞ்சதுல இருந்து அடுப்படியிலதான் நிப்பா. ஒருநாளும் அவ குறை சொன்னது கிடையாது. பாட்டுப் பாடிக்கிட்டே இட்லி அவிப்பா. அவளா சொல்லமாட்டா, நாமதான பார்த்து ஒரு வழி பண்ணணும். பொண்ணு குடுத்த வீட்டுக்காரங்களை வராதீங்கன்னு நேரா சொல்ல முடியுமா?

அப்பதான் உங்க பதிலை எல்லாம் படிச்சேன். சோப்பும் ஷாம்புவும்தான் அதுக்குச் சாப்பாடு, ஜன்னலைத் திறந்து வைங்க, ஃபேனைப் போட்டு ஈரத்தைக் காய விடுங்கன்னு எழுதியிருந்திய. நான் ஜன்னலைச் சாத்தினேன். ஃபேன் ஒயரைக் கழட்டிவிட்டேன். கடைசியாக் குளிக்கிறது நான்தான். வெளிய வரும்போது சுவரோரமா கொஞ்சம் ஷாம்பு தண்ணி ஊத்திட்டு வருவேன். சாரல் காலத்துல இங்கன துண்டே காயாது. நல்லாப் பிடிச்சுது.

வள்ளி சோடா மாவு போட்டுத் தேய்ப்பா. பிறகு பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி, ஊறவிட்டுக் கழுவுவா. சரியான முறைதான் அது. பிளீச்சிங்கோட வினிகரைக் கலந்துராதீங்க, புகை வந்து மூச்சடைக்கும்னு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. அதை அவகிட்ட வாசிச்சுக் காட்டினதே நான்தான். அவ மேல எனக்கு அக்கறை உண்டு.

கழுவி முடிச்சா பளபளன்னு இருக்கும். "ஏங்க, வந்து பாருங்களேன்"னு கூப்பிடுவா. நானும் போய்ப் பார்த்து, பரவாயில்லையேன்னு சொல்லுவேன். கறை பிடிச்ச தேய்ப்பு நார் ஒண்ணை டப்பாவுல போட்டு, ஈரம் போகாம மூடிப் பரண்ல வச்சிருந்தேன். உறைமோர் மாதிரி. மறுநாள் குளிக்கப் போகும்போது அதை எடுத்து லேசா ஒரு தடவு.

ஒருநாள் மச்சான் பொண்டாட்டி உமா மகேஸ்வரி சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே பாத்ரூமை விட்டு வெளிய வந்தாங்க. "ஏட்டி வள்ளி, இதை நீ கழுவுதியா, இல்ல வளக்கியா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. வள்ளியும் சிரிச்சா. சிரிச்சுட்டு, பந்தி பரிமாறாமலே உள்ள போய்த் தேய்க்க உக்காந்துட்டா. அன்னைக்கு உளுந்தவடை. நல்லா வந்திருந்துது.

பிளீச்சிங்ல அவ கைத்தோல் உரிஞ்சுபோச்சு. நான்தான் தென்காசிக்குப் போய் கையுறை வாங்கிட்டு வந்தேன்.

அடுத்த சீசனுக்கு மச்சான் குற்றாலத்துல ரூம் போட்டுட்டாரு. நினைச்சது நடந்துது. ஆனா எதுக்கு ரூம் போட்டோம்னு அவங்க சொந்தத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. அச்சன்புதூர்ல ஒரு சடங்கு வீடு. எப்பவும் காய் நறுக்க வள்ளியைத்தான் மொதல்ல கூப்பிடுவாங்க. அன்னைக்கு அவ கையில இருந்த கத்தியை வாங்கிக்கிட்டு, "நீ சும்மா இரி வள்ளி, உனக்கு எதுக்குச் சிரமம்"னாங்க. வீட்டுக்கு வந்து பட்டுச்சேலையை மாத்தாமலே பிரஷ்ஷை எடுத்தா.

அப்பவும் நான் நிறுத்தல. கறை சட்டுன்னு போயிட்டா, வேணும்னே செஞ்சதுன்னு மச்சானுக்குத் தெரிஞ்சுரும்லா.

இப்ப அவளே அண்ணனுக்குப் போன் பண்ணிட்டா. "அண்ணே, பாத்ரூமை மொத்தமா உடைச்சுப் புதுசாப் போடுதேன். இந்தத் தரம் நம்ம வீட்டுல வந்து இருங்கண்ணே"ன்னு அழுதா. அவரும் சரின்னுட்டாரு. கொத்தனார் இசக்கிராஜா திங்கக்கிழமை வாராரு.

உங்க யோசனை பலிக்கலன்னு நீங்க யாரும் மனசு சங்கடப்படக்கூடாது. அதுக்குத்தான் இதை எழுதுதேன். வள்ளி வெக்கப்பட்டு இந்த குரூப்பை விட்டே போயிட்டா, அதனால தைரியமாச் சொல்லலாம். கறையை வளத்தது நான்தான். எல்லாம் அவ சிரமப்படக்கூடாதுன்னு செஞ்சது.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. புதுசா வார டைல்ஸ்ல எந்தக் கறையும் பிடிக்காதுன்னு கடைக்காரரு சொல்லுதாரு. அது நிஜமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. டப்பா இன்னும் பரண்லதான் இருக்கு.