மூக்கில் வைத்த மாஸ்க்

எனக்குப் பேசப் பிடிக்கும், ஐயா. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? மின்விசிறியைக் கொஞ்சம் குறையுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

என் அண்ணன் வாயைத் திறந்தால் தெருவே வாயை மூடிக்கொள்ளும். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை யார் என்று பாதிப் பேருக்குக் கடைசிவரை தெரியாது. தப்பான ரயிலில் ஏறி நான் பட்ட பாட்டை எப்போது ஆரம்பித்தாலும் நடுவில் பிடுங்கி, தப்பும் தவறுமாக முடித்து, சிரிப்பையும் அவரே வாங்கிக்கொள்வார்.

நிமோனியா வந்து வென்டிலேட்டரில் கிடந்தார். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். வென்டிலேட்டரை எடுத்த பிறகும் ஆக்சிஜன் தேவைப்பட்டது. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த நர்ஸ் என்னிடம் தெளிவாகவே சொன்னாள்: “மாஸ்க்க கழுத்துக் குழாய் மேலதான் வைக்கணும் சார். அவருக்கு மூச்சு அங்கதான். மறந்துடாதீங்க.”

“மறப்பேனாம்மா?”

மறக்கவில்லை. அந்தத் துளையைப் பார்த்தாலே அண்ணிக்குத் தலை சுற்றும். ஆகவே கழுத்துப் பக்கம் என் பொறுப்பு. குழாய் இருந்ததால் அண்ணனுக்குக் குரல் இல்லை. வீடு சொர்க்கமாக இருந்தது. பிறகு அந்த டாக்டர், மகா புத்திசாலி, “அடுத்த வாரம் ஒரு சின்ன வால்வு போட்டுடலாம், பழையபடி பேசுவார்” என்றார். அண்ணி அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மதியமே இருமலில் மாஸ்க் கழன்று விழுந்தது. மூச்சுத் திணறல். அண்ணி ஓடி வந்து அதை மூக்கில் அழுத்தினார்.

“மூக்குல வச்சாத்தானே தம்பி சீக்கிரம் உள்ள போகும்?”

படித்த பெண்மணி, பாவம். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணி. நான் பிடிச்சுக்கறேன், நீங்க போய் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க” என்றேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அண்ணி சொன்ன இடத்திலேயே பிடித்துக்கொண்டேன். அண்ணன் விரலால் கழுத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். நான் தப்பாக வைத்திருக்கிறேனாம். அந்த நிலையிலும் என்னைத் திருத்த வந்துவிட்டார், பாருங்கள். அந்தக் கையை மெல்ல எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டு, ரயில் கதையை ஆரம்பித்தேன்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் இருந்தது நான்தான், ஐயா. கதை முழுவதையும் கேட்டார். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. அவ்வளவு பிடித்திருந்தது அவருக்கு.