எல்லாத்துக்கும் சரி

செட்டிகுளத்திலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலில் மக்காச்சோளக் காடுகள் கனவுபோல் மிதந்தன.

“வெங்காயத் தாளைப் படம் புடிச்சா நோய் பேரைப் போனே சொல்லுதுக்கா. சரி, தப்புன்னு மட்டும் நாம அமுக்கணும். அதை வச்சுத்தான் அது கத்துக்குதாம்,” என்றாள் இளையவள்.

“நீ என்னத்த அமுக்குன?”

“எல்லாத்துக்கும் சரின்னுதான். மொகத்துக்கு நேரா தப்புன்னு எப்புடிக்கா சொல்றது?”

“அடிப்பாவி. என் காட்டு வெங்காயத்துக்குத் திருகல் நோய்னு அது சொன்னதை நம்பித்தான்டி மருந்து வாங்கப் போறேன்.”

இளையவள் மூத்தவளின் போனை வாங்கி, அதிலிருந்த தாளின் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“இது நோயே இல்லக்கா. தண்ணி கூடிப்போயி நுனி பழுத்திருக்கு. மருந்து வேணாம்.”

“அப்ப தப்புன்னு அமுக்கு.”

“நீயே அமுக்குக்கா. எனக்கு மனசு வரல,” என்று போனை நீட்டினாள்.